மெடிக்கல் கார்டு பிரீமியம்: ஏறும் கணக்கும் இறக்கும் வழிகளும்

மலேசியாவில், செந்தூலிலோ பட்டர்வொர்த்திலோ பத்து வருடமாக மாதம் 200 ரிங்கிட் கட்டி வந்த ஒரு குடும்பத்துக்குக் கடிதம் வருகிறது. மெடிக்கல் கார்டு எனப்படும் மருத்துவக் காப்புறுதியின் கட்டணம் திருத்தப்பட்டிருக்கிறது, இனி மாதம் 300 கட்ட வேண்டும் என்கிறது கடிதம். 2024 இறுதியில் இப்படிப்பட்ட கடிதங்கள் நாடு முழுக்கப் போயின. 40 முதல் 70 விழுக்காடு வரை உயர்வு என்ற பேச்சு எழுந்து, விஷயம் நாடாளுமன்றம் வரை போனது.

2024 டிசம்பர் 20 அன்று நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டது. உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்துப் போட வேண்டும் என்றது. 60 வயதை எட்டி, தங்கள் திட்டத்தின் ஆகக் குறைந்த பிரிவில் இருப்பவர்களுக்கு ஓராண்டு உயர்வே இல்லை. உயர்வைத் தாங்க முடியாமல் 2024-ல் கார்டைக் கைவிட்டவர்கள், மறுபடி உடல்நலப் பரிசோதனை இல்லாமல் திரும்பச் சேரலாம். இந்த ஏற்பாடுகள் 2026 இறுதி வரைக்கும்தான்.

அதாவது உயர்வு ரத்தாகவில்லை, தவணையாகப் பிரிக்கப்பட்டது. நிரந்தரத் தீர்வு என்று இப்போது பல யோசனைகள் பேசப்படுகின்றன: கோ-பேமண்ட் (பில்லில் நோயாளியும் ஒரு பங்கு கட்டுவது), டி.ஆர்.ஜி. (நோய் வகைக்கு மொத்தமாக ஒரே விலை), அடிப்படைத் திட்டம், சேமநிதியில் இருந்து பிரீமியம். இவற்றில் எது பிரீமியத்தை உண்மையிலேயே இறக்கும், எது பாரத்தை ஒரு தோளில் இருந்து இன்னொரு தோளுக்கு மாற்றும் என்பதைப் பிரித்துப் பார்க்க, முதலில் கணக்கு புரிய வேண்டும்.

## சில சொற்கள்

1. பிரீமியம்: நீங்கள் கட்டும் தொகை. நம் நாட்டில் பெரும்பாலான மெடிக்கல் கார்டுகள் தனியாக நிற்பதில்லை. முதலீட்டோடு இணைந்த ஆயுள் காப்புறுதியில் 'ரைடர்' என்ற கூடுதல் பாகமாக ஒட்டிக்கொண்டிருக்கும். மாதம் கட்டும் பணத்தில் ஒரு பகுதி முதலீட்டு யூனிட்டாகும். மருத்துவக் காப்புறுதியின் செலவு அந்த யூனிட்டில் இருந்து கழிக்கப்படும். செலவு ஏறி யூனிட் கரைந்தால், கட்டணத்தைக் கூட்டச் சொல்லிக் கடிதம் வரும்.

2. தக்காஃபுல்: ஷரியா முறைப்படி நடக்கும் காப்புறுதி. சேர்ந்தவர்கள் ஒரு பொது நிதிக்குக் கொடையாகப் பணம் போடுகிறார்கள், யாருக்கு நோய் வந்தாலும் அதில் இருந்து கொடுக்கப்படுகிறது. மருத்துவச் செலவு ஏறினால் இங்கும் கட்டணம் ஏறும்.

3. ரீபிரைசிங்: ஒரு திட்டத்தில் உள்ள அனைவருக்கும் சேர்த்துக் கட்டணத்தைத் திருத்துவது. நீங்கள் கிளெய்ம் செய்யாவிட்டாலும், அதாவது சிகிச்சைச் செலவைக் கோராவிட்டாலும், உங்களுக்கும் ஏறும். ரொம்பப் பேருக்கு கோபம் வருவது இந்த இடத்தில்தான். அதன் காரணம் கீழே வருகிறது.

4. டிடக்டிபிள், கோ-பேமண்ட்: பில்லில் முதல் இவ்வளவு ரிங்கிட்டை நீங்கள் கட்டுங்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பது டிடக்டிபிள். பில்லில் இத்தனை விழுக்காடு உங்களுடையது என்பது கோ-பேமண்ட். இரண்டையும் சேர்த்துப் பொதுவாகக் கோ-பேமண்ட் என்று சொல்வதும் உண்டு.

5. ஜி.எல்.: மருத்துவமனைக்குக் காப்புறுதி நிறுவனம் அனுப்பும் உத்தரவாதக் கடிதம். இது வந்துவிட்டால் நோயாளி கையில் காசு இல்லாமலேயே படுக்கைக்குப் போகலாம்.

## ஒரே பானை, பல கைகள்

காப்புறுதி என்பது அடிப்படையில் நம் ஆட்களுக்குப் பழக்கமான கூட்டு, அதாவது சீட்டுப் பிடிப்பதுபோல்தான். எல்லாரும் ஒரு பானையில் காசு போடுகிறார்கள், யாருக்குக் கஷ்டம் வருகிறதோ அவர் எடுக்கிறார். கூட்டில் முறை வரும், பானையில் முறை வராது. பல பேருக்கு எடுக்கும் நிலையே வராமல் இருப்பதால்தான் பானை காலியாகாமல் இருக்கிறது.

ஒரு எடுத்துக்காட்டுக் கணக்கு போடுவோம். நிறுவனத்தின் நிர்வாகச் செலவு, ஏஜெண்ட் கமிஷன், லாபம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, மருத்துவச் செலவை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

1. முதல் ஆண்டில் ஒரு திட்டத்தில் 1,000 பேர். அதில் 100 பேர் மருத்துவமனைக்குப் போகிறார்கள். ஒரு பில் சராசரி 20,000 ரிங்கிட். மொத்தம் 20 லட்சம். ஆளுக்கு 2,000 ரிங்கிட்.

2. இரண்டாம் ஆண்டில் மருத்துவச் செலவு 15 விழுக்காடு ஏறுகிறது, ஒரு பில் 23,000 ஆகிறது. கட்டணம் ஏறும் என்று தெரிந்ததும் 200 பேர் கார்டை நிறுத்துகிறார்கள். நிறுத்துகிறவர்கள் யார்? பெரும்பாலும் இளையவர்கள், நோய் இல்லாதவர்கள். ஆகவே கிளெய்ம் 100-ல் இருந்து 90 ஆகத்தான் குறைகிறது. மொத்தம் 20 லட்சத்து 70 ஆயிரம். இதைப் பகிர 800 பேர்தான் இருக்கிறார்கள். ஆளுக்கு ஏறத்தாழ 2,588.

3. மூன்றாம் ஆண்டில் பில் 26,450. இன்னும் 150 ஆரோக்கியமானவர்கள் போய்விடுகிறார்கள். கிளெய்ம் 85. மீதி இருக்கும் 650 பேரில் ஆளுக்கு 3,459 ரிங்கிட்.

யாருமே விலகாமல் இருந்திருந்தால் மூன்றாம் ஆண்டில் ஆளுக்கு 2,645 ரிங்கிட்தான் ஆகியிருக்கும். மீதி 814 ரிங்கிட், மற்றவர்கள் பானையை விட்டு எழுந்து போனதற்காக உட்கார்ந்திருப்பவர் கட்டும் விலை.

நம் நாட்டில் இந்தச் சுழல் இன்னும் வேகமாக நடப்பதற்கு ஒரு காரணம் உண்டு, அதைப் பற்றிச் செய்திகளில் போதிய பேச்சு இல்லை. ஒரு நிறுவனம் ஐந்தாறு ஆண்டுக்கு ஒரு முறை புதிய மெடிக்கல் கார்டை அறிமுகப்படுத்துகிறது. பழையதை விற்பது நின்றுவிடுகிறது. பழைய திட்டத்துக்குள் புதிய இளம் ஆட்கள் வருவதே இல்லை. உள்ளே இருப்பவர்களுக்கு வருடா வருடம் வயது ஏறுகிறது. ஆரோக்கியமாக இருப்பவர் புதிய கார்டுக்கு மாறிக்கொள்ளலாம். சர்க்கரையோ இருதய நோயோ வந்துவிட்டவரை புதிய கார்டு ஏற்காது, அல்லது அந்த நோயை விலக்கிவைத்து ஏற்கும். அவர் பழைய பானையிலேயே மாட்டிக்கொள்கிறார். ஒரே நிறுவனத்தின் இரண்டு கார்டுகளில், பழையது மட்டும் கண்மண் தெரியாமல் ஏறுவதன் பின்னணி பெரும்பாலும் இதுதான்.

## பில் ஏன் ஏறுகிறது?

பானையின் கதை பாதிதான். பில்லே ஏறாமல் இருந்தால் யாரும் விலகியிருக்க மாட்டார்கள். 2021-ல் இருந்து 2023 வரை மருத்துவக் கிளெய்ம் செலவு மொத்தமாக 56 விழுக்காடு ஏறியது என்று பேங்க் நெகாரா சொன்னது. கோவிட் காலத்தில் தள்ளிப்போட்ட சிகிச்சைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்ததும் இதில் ஒரு பங்கு. ஆனால் அதற்குப் பிறகும் ஏற்றம் அடங்கவில்லை.

காரணங்களைப் பெரியதில் இருந்து வரிசையாகப் பார்க்கலாம்.

1. ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். தனியார் மருத்துவமனையில் ஊசி, பஞ்சு, கையுறை, ஸ்கேன், மருத்துவர் எட்டிப் பார்த்த ஒவ்வொரு முறை என்று தனித்தனியாக பில் ஏறும். அதிகம் செய்தால் அதிக வருமானம் என்ற அமைப்பு இது. இதில் தனி மனிதர்களின் பேராசையைத் தேட வேண்டியதில்லை. அமைப்பே அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது.

2. கட்டுப்பாடு பாதிதான். தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள் மற்றும் சேவைகள் சட்டம் 1998, அதன் கீழ் வந்த 2006 விதிமுறைகள், அவற்றின் 13-ஆம் அட்டவணை ஆகியவை மருத்துவரின் தொழில்முறைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்திருக்கின்றன. மருந்து, உபகரணம், அறுவைக்கூடம், தாதியர் சேவை போன்ற மருத்துவமனைக் கட்டணங்களுக்கு அப்படி வரம்பு கிடையாது. பில்லில் மளமளவென்று வளரும் பகுதி வரம்பில்லாத இந்தப் பகுதிதான்.

3. விலை கேட்காத நோயாளி. ஜி.எல். வந்துவிட்டால் நோயாளியும் விலை கேட்பதில்லை, மருத்துவமனையும் சொல்வதில்லை. 'கார்டு இருக்கா?' என்ற முதல் கேள்விக்குப் பிறகு மற்றதெல்லாம் தானாக நடக்கிறது. கிளினிக்கில் முடியக்கூடிய காய்ச்சலுக்குக் கூட, கார்டு பயன்பட வேண்டும் என்பதற்காகவே இரண்டு நாள் வார்டில் படுப்பது நடக்கிறது.

4. முதுமையும் நோயும். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, 29.2 விழுக்காட்டினருக்கு இரத்த அழுத்தம். நம் சமூகத்தின் நிலை இன்னும் மோசம். 2019 ஆய்வில், இந்தியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. காப்புறுதிச் சீர்திருத்தத்தில் ஏற்கெனவே நோய் உள்ளவர்களை என்ன செய்வது என்ற கேள்வி நம் வீடுகளுக்கு இவ்வளவு நெருக்கமாக வருவது அதனால்தான்.

பினாங்குக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இந்தோனேசியாவின் மேடானில் இருந்தும் சுமத்ராவின் மற்ற ஊர்களில் இருந்தும் சிகிச்சைக்கு வருபவர்களால் தீவின் தனியார் மருத்துவமனைகள் எப்போதும் நிறைந்திருக்கின்றன. தொழில் எவ்வளவு செழிப்பு என்பதற்கு ஒரு அளவுகோல்: 2024-ல் இங்குள்ள ஐலண்ட் மருத்துவமனையை, தனியார் மருத்துவமனைகளை நடத்தும் ஐ.எச்.எச். குழுமம் 390 கோடி ரிங்கிட்டைத் தாண்டிய விலைக்கு வாங்கியது. காசு கொடுக்கத் தயாராக வெளியூர் நோயாளிகள் வரிசையில் நிற்கும்போது, உள்ளூர் காப்புறுதி நிறுவனம் விலையைக் குறை என்று பேரம் பேசுவது கடினம்.

## யோசனை ஒன்று: கோ-பேமண்ட்

2024 செப்டம்பர் 1 முதல், எல்லா காப்புறுதி, தக்காஃபுல் நிறுவனங்களும் கோ-பேமண்ட் உள்ள ஒரு திட்டத்தையாவது விற்பனைக்கு வைத்திருக்க வேண்டும். குறைந்தது 5 விழுக்காடு பங்கு, அல்லது குறைந்தது 500 ரிங்கிட் டிடக்டிபிள். அவசர சிகிச்சை, புற்றுநோய், டயாலிசிஸ் போன்றவற்றின் தொடர் சிகிச்சை, அரசாங்க மருத்துவமனையில் எடுக்கும் சிகிச்சை ஆகியவற்றுக்கு இது பொருந்தாது. வாங்குவது கட்டாயமில்லை. முழுத் தொகையையும் ஏற்கும் கார்டையே வைத்துக்கொள்ளவும் செய்யலாம்.

பிரீமியம் இதனால் குறைகிறது என்பது உண்மை. 18,000 ரிங்கிட் பில்லில் 5 விழுக்காடு என்றால் நீங்கள் கட்டுவது 900. 500 ரிங்கிட் டிடக்டிபிள் என்றால் 500-உடன் முடிந்தது. ஆனால் சில திட்டங்களில் 20 விழுக்காடு என்று எழுதியிருக்கும். 40,000 ரிங்கிட் இருதய சிகிச்சையில் அது 8,000. மாதம் 3,000 சம்பாதிக்கும் குடும்பத்துக்கு அது கடன். அதனால் விழுக்காட்டைப் பார்ப்பதற்கு முன்னால், ஒரு ஆண்டில் நீங்கள் கட்டும் பங்குக்கு உச்சவரம்பு எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கோ-பேமண்ட் வேண்டுமா என்ற விவாதத்துக்கு ஒரு பழைய சோதனை நல்ல வெளிச்சம் தருகிறது. 1970-களிலும் 80-களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் ரேண்ட் என்ற ஆய்வு நிறுவனம் ஆயிரக்கணக்கான மனிதர்களைக் குலுக்கல் முறையில் பிரித்தது. சிலருக்கு முழு இலவசம். சிலருக்கு வருமானத்துக்கு ஏற்ற ஓர் உச்சவரம்பு வரை செலவில் பெரும்பகுதி அவர்களுடையது. காசு கட்டியவர்களின் மருத்துவச் செலவு, இலவசக்காரர்களின் செலவைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. சராசரி மனிதரின் உடல்நலம் பெரிதாகக் கெடவில்லை. இதை மட்டும் எடுத்துக்கொண்டு கோ-பேமண்டைப் புகழ்பவர்கள் மீதியையும் சொல்ல வேண்டும். மக்கள் தேவையில்லாத சிகிச்சையை மட்டும் குறைக்கவில்லை, தேவையானதையும் அதே அளவு குறைத்தார்கள். ஏழைகளில் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இலவசத் திட்டத்தில்தான் நன்றாக இருந்தார்கள்.

நெஞ்சு வலிக்கும்போது அது வாயுவா மாரடைப்பா என்று நோயாளிக்கு எப்படித் தெரியும்? எது தேவையானது என்று தீர்மானிக்கும் அறிவு மருத்துவரிடம் இருக்கிறது. விலை நிர்ணயம் மருத்துவமனையிடம் இருக்கிறது. இரண்டையும் விட்டுவிட்டு நோயாளியின் பாக்கெட்டை மட்டும் இறுக்குவதை நான் சீர்திருத்தம் என்று ஏற்க மாட்டேன். சிறிய டிடக்டிபிள், தெளிவான உச்சவரம்பு என்றால் சரி. அதற்கு மேல் போனால், பிரீமியமாகக் கட்டியதை நோய் வந்த நாளில் பில்லாகக் கட்டுகிறோம், அவ்வளவுதான்.

## யோசனை இரண்டு: டி.ஆர்.ஜி.

டி.ஆர்.ஜி. என்றால், நோயின் வகையைப் பார்த்து மொத்தமாக ஒரே விலை வைப்பது. குடல்வால் அறுவை, சிக்கல் இல்லாதது என்றால் இவ்வளவு. அதே அறுவை, நீரிழிவு உள்ள 70 வயதுக்காரருக்கு என்றால் இவ்வளவு. பஞ்சுக்கும் கையுறைக்கும் தனி பில் கிடையாது. பேசிய விலைக்குள் மருத்துவமனை சிகிச்சையை முடிக்க வேண்டும். முடித்து மிச்சப்பட்டால் அது லாபம், செலவு அந்த விலையைத் தாண்டினால் நஷ்டம்.

1970-களில் யேல் பல்கலைக்கழகத்தில் உருவான முறை இது. 1983-ல் அமெரிக்காவின் முதியோர் காப்புறுதியான மெடிகேர் இதற்கு மாறியது. தாய்லாந்து தன் அனைவருக்குமான சுகாதாரத் திட்டத்தில் உள்நோயாளிகளுக்கு இதையே பயன்படுத்துகிறது. நம் நாட்டிலும் தனியார் மருத்துவமனைகளுக்கு இதைக் கொண்டுவரும் வேலை தொடங்கியிருக்கிறது. 2025-ல் அரசு அறிவித்த 'ரீசெட்' திட்டத்தின் ஐந்து பகுதிகளில் இதுவும் ஒன்று. காப்புறுதித் திட்டங்களைப் புதுப்பித்தல், விலையை வெளிப்படையாக்குதல், மின்னியல் மருத்துவப் பதிவுகள், செலவு குறைந்த சிகிச்சை வழிகள் ஆகியவை மற்ற நான்கு.

என் பார்வையில் பட்டியலிலேயே கனமான யோசனை இதுதான், காரணம் இது நேரடியாகப் பில்லைத் தொடுகிறது. ஆனால் இதற்கும் ஓட்டைகள் உண்டு.

1. நோயைப் பெரிதாக்கிப் பதிவு செய்வது. சாதாரண நிமோனியா, காகிதத்தில் சிக்கலான நிமோனியா ஆகிவிடும். பதிவுகளைத் தணிக்கை செய்ய ஆட்கள் வேண்டும்.

2. சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புவது. மெடிகேர் மாறியபோது மருத்துவமனையில் தங்கும் நாள்கள் குறைந்தன. நல்லதுதான், ஆனால் ஒரு வாரத்தில் திரும்பி வருபவர்களையும் கணக்கெடுக்க வேண்டும்.

3. நஷ்டம் தரும் நோயாளியைத் தள்ளிவிடுவது. சிக்கலான நோயாளியை அரசாங்க மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு, எளிதான அறுவைகளைத் தனியார் வைத்துக்கொண்டால், கோலாலம்பூர் மருத்துவமனையும் பினாங்கு மருத்துவமனையும்தான் அதைச் சுமக்கும்.

இந்த மூன்றையும் தடுக்கத் தரவு தேவை. எந்த மருத்துவமனையில் எந்த அறுவைக்கு எவ்வளவு, யார் திரும்பி வந்தார்கள் என்ற விவரம் ஒரே வடிவத்தில் ஓர் இடத்தில் சேர வேண்டும். விலை வெளிப்படைத்தன்மையின் உண்மையான பயன் இங்கேதான். 2025 மே 1 முதல் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று ஆணை வந்தது. கிளினிக்கில் இது உதவும். ஆம்புலன்சில் போகிறவர் விலைப்பட்டியல் பார்த்து மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கப் போவதில்லை. பட்டியல் யார் கையில் இருந்தால் பேரம் நடக்குமோ, அவர்கள் கைக்குப் போக வேண்டும்.

## யோசனை மூன்று: எல்லாருக்கும் ஓர் அடிப்படைத் திட்டம்

ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக விற்காமல், எல்லாரும் ஒரே வடிவத்தில் ஓர் எளிய மெடிக்கல் கார்டை விற்க வேண்டும் என்பது இந்த யோசனை. ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆடம்பரம் குறைவு, பிரீமியமும் குறைவு.

இதை எடைபோட ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் பார்த்தால் போதும். சிங்கப்பூரில் 2015 நவம்பர் 1 அன்று மெடிஷீல்டு லைஃப் வந்தது. குடிமக்கள், நிரந்தரவாசிகள் அனைவரும் பிறப்பு முதல் இறப்பு வரை அதில் இருக்கிறார்கள், விலக முடியாது. ஏற்கெனவே நோய் உள்ளவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். கடுமையான நோய் இருந்தவர்கள் மட்டும் பத்து ஆண்டுகளுக்கு 30 விழுக்காடு கூடுதலாகக் கட்டினால் போதும். அங்கே டிடக்டிபிளும் கோ-பேமண்டும் இருக்கின்றன. அவற்றைக்கூட முழுசாக அடைக்கும் ரைடர்களைத் தனியார் நிறுவனங்கள் விற்றதால் செலவு எகிறியது. அதனால் 2018-ல், புதிய ரைடர்களில் குறைந்தது 5 விழுக்காடாவது நோயாளி கட்ட வேண்டும் என்று அரசு சொன்னது.

மேலே போட்ட பானைக் கணக்கை நினைவில் வைத்துப் பார்த்தால் சிங்கப்பூரின் பலம் எங்கே என்று தெரியும். இளையவர் எழுந்து போக முடியாது. நோயாளியை வெளியே தள்ள முடியாது. பானை சுருங்குவதில்லை.

நம் அடிப்படைத் திட்டத்தில் இந்த இரண்டும் இல்லாவிட்டால் என்ன ஆகும்? மலிவான புதிய திட்டம் வருகிறது. ஆரோக்கியமான 30 வயதுக்காரர்கள் பழைய கார்டை விட்டு அதற்கு மாறுகிறார்கள். சர்க்கரை உள்ள 58 வயதுக்காரர் விண்ணப்பத்தில் உடல்நலக் கேள்விகளுக்குப் பதில் எழுதியதும் நிராகரிக்கப்படுகிறார். அவருடைய பழைய பானை இன்னும் வேகமாகச் சுருங்குகிறது. மலிவான திட்டம் கொண்டுவந்து பழைய ஆட்களின் கட்டணத்தை ஏற்றிவிட்ட கதையாகிவிடும்.

ஆகவே அடிப்படைத் திட்டம் பற்றிய எந்த அறிவிப்பையும் மூன்று கேள்விகளால் அளந்து பார்க்கலாம்.

1. பழைய கார்டில் பல ஆண்டுகள் கட்டியவர், உடல்நலக் கேள்வி இல்லாமல் இதற்கு மாற முடியுமா?

2. ஒரு நிறுவனம் பழைய திட்டங்களின் பானைகளையும் புதிய பானையையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டணம் கணக்கிடுமா, அல்லது தனித்தனியாகவேயா?

3. வேலை இடத்துக் கார்டை மட்டும் வைத்திருப்பவர், ஓய்வு பெறும்போது இதற்குள் வர வழி உண்டா?

மூன்றாவது கேள்வி பினாங்கின் பிறை, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் ஆயிரக்கணக்கானோருக்கு உயிர்க் கேள்வி. முப்பது ஆண்டுகள் கம்பெனி கார்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். வேலை முடியும் நாளில் கார்டும் முடிகிறது. அந்த வயதில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளோடு புதிய கார்டு கேட்டுப் போனால் கதவு பெரும்பாலும் திறக்காது. காப்புறுதி ஆக அதிகம் தேவைப்படும் வயதில் கையில் ஒன்றும் இல்லை.

## சேமநிதியும் வரிச் சலுகையும்

ஊழியர் சேமநிதியில், ஓய்வுக்கு முன்பே சில தேவைகளுக்கு எடுக்க அனுமதி உள்ள செஜாத்திரா கணக்கில் இருந்து பிரீமியம் கட்ட அனுமதிக்கலாம் என்ற யோசனை 2025-ல் வந்தது. மாதாந்தர நெருக்கடியில் இருப்பவருக்கு இது மூச்சுவிட இடம் தரும். ஆனால் பிரீமியம் ஒரு சென்கூடக் குறைவதில்லை. மாதம் 200 என்றால் இருபது ஆண்டில் 48,000 ரிங்கிட், அதற்கு வரவேண்டிய லாபப்பங்கு இல்லாமலேயே, ஓய்வுக்கால சேமிப்பில் இருந்து போகிறது. பில் கட்டுக்குள் வராமல் இந்தக் கதவைத் திறந்தால், ஏறும் விலைக்கு நம் சேமநிதியே பணம் ஊட்டும்.

வரிச் சலுகை இன்னும் சிறியது. கல்வி, மருத்துவக் காப்புறுதிக்கான வரி விலக்கு 2025 மதிப்பீட்டு ஆண்டு முதல் 3,000-ல் இருந்து 4,000 ரிங்கிட் ஆனது. 11 விழுக்காடு வரி கட்டும் நிலையில் உள்ளவருக்கு கூடுதல் ஆயிரத்தால் மிச்சம் 110 ரிங்கிட். வருமான வரியே கட்டாத குறைந்த வருமானக் குடும்பத்துக்கு மிச்சம் சுழியம்.

## அரசாங்க மருத்துவமனையை விட்டுவிட்டுப் பேச முடியாது

குடிமக்களுக்கு அரசாங்க மருத்துவமனையில் வெளிநோயாளிக் கட்டணம் 1 ரிங்கிட், நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட், மூன்றாம் வகுப்பு வார்டு நாளுக்கு 3 ரிங்கிட். நாட்டின் உண்மையான, எல்லாருக்குமான காப்புறுதி இதுதான். 2025 வரவு செலவுத் திட்டத்தில் சுகாதார அமைச்சுக்கு 45.3 பில்லியன் ரிங்கிட் ஒதுக்கப்பட்டது. அது வரிப்பணம், நாம் ஏற்கெனவே கட்டிவிட்ட பிரீமியம்.

மெடிக்கல் கார்டைக் கைவிடும் ஒவ்வொருவரும் போய் நிற்கப்போவது இந்த வரிசையில்தான். மறுபக்கம், அரசாங்க மருத்துவமனையில் காத்திருப்பு குறைந்தால், தனியாருக்கு ஓடும் அவசரமும் குறையும், தனியார் விலையும் ஓரளவு அடங்கும். பல குடும்பங்கள் கார்டு வாங்கியதே வரிசைக்குப் பயந்துதான். அந்த வரிசையைச் சுருக்கும் பணம்கூட பிரீமியத்தை இறக்கும் பணம்தான் என்று பார்க்க வேண்டும்.

## எது முதலில்?

யோசனைகள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துவிட முடியாது. வரிசை முக்கியம்.

மருத்துவமனைக் கட்டணத்தின் மேல் சட்டப்படி ஒரு பிடி முதலில் வர வேண்டும். 13-ஆம் அட்டவணை மருத்துவரைக் கட்டுப்படுத்துவதுபோல், மற்ற கட்டணங்களைக் கேள்வி கேட்க அதிகாரம் இல்லாமல் டி.ஆர்.ஜி. விலை பேச முடியாது. அதோடு கூடவே, மூடப்பட்ட பழைய திட்டங்களில் மாட்டிக்கொண்டவர்களைப் பெரிய பானைக்குள் கொண்டுவர வேண்டும். இது இளையவர்களின் கட்டணத்தைச் சற்றே ஏற்றும், அதை மறைக்கத் தேவையில்லை. இன்றைய 30 வயதுக்காரர் 60-ஐத் தொடும்போது அதே பானை அவருக்காக நிற்கும். கோ-பேமண்ட் மூன்றாவதாக வரட்டும், உச்சவரம்போடு. சேமநிதி கடைசி.

நடப்பது ஏறக்குறைய தலைகீழாக இருக்கிறது. கோ-பேமண்ட் 2024-லேயே வந்துவிட்டது. பில்லைத் தொடும் வேலை இன்னும் தொடக்கத்தில்தான் இருக்கிறது. நோயாளியிடம் கேட்பது எளிது, மருத்துவமனையிடம் கேட்பது கடினம் என்பதைத் தவிர இதற்கு வேறு நியாயம் எனக்குத் தெரியவில்லை.

## கடிதம் கையில் இருப்பவர் என்ன செய்யலாம்?

1. கோபத்தில் கார்டை நிறுத்தாதீர்கள். புதிய கார்டு எடுத்தால் காத்திருப்புக் காலம் முதலில் இருந்து தொடங்கும்: பொதுவாக 30 நாள், சில குறிப்பிட்ட நோய்களுக்கு 120 நாள். இடையில் வந்த நோய் விலக்கப்படும்.

2. அதே நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்: டிடக்டிபிள் சேர்த்தால் எவ்வளவு குறையும், அறை வாடகை வகையைக் குறைத்தால் எவ்வளவு, உடல்நலக் கேள்வி இல்லாமல் மாற எந்தத் திட்டம் இருக்கிறது. வாயால் சொல்லும் பதிலை மட்டும் நம்ப வேண்டாம்.

3. முதலீட்டோடு இணைந்த திட்டம் என்றால், இன்றைய கட்டணத்தில் உங்கள் பாலிசி எந்த வயது வரை தாங்கும் என்று கேளுங்கள். 80 வரை என்று நினைத்திருப்பவருக்கு 66 என்று பதில் வரலாம்.

4. டிடக்டிபிள் எடுத்தால், அந்தத் தொகையைத் தனியாக ஒரு சேமிப்பில் முதல் நாளே போட்டு வையுங்கள்.

5. புதிய கார்டு எடுத்தே ஆக வேண்டும் என்றால், அது அங்கீகரிக்கப்பட்டு காத்திருப்புக் காலம் முடியும் வரை பழையதையும் கட்டுங்கள். புதியதைப் படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுக்க 15 நாள் அவகாசம் உண்டு.

6. கிளெய்ம் மறுக்கப்பட்டால், முதலில் நிறுவனத்தின் புகார்ப் பிரிவு. அங்கே தீராவிட்டால், நிதி நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரித்துத் தீர்க்கும், 2025 ஜனவரி முதல் இயங்கும் நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மேன் சேவையிடம் போகலாம்.

7. வேலை இடத்துக் கார்டை மட்டும் நம்பியிருப்பவர்கள், சர்க்கரை வருவதற்கு முன்பே, நாற்பதுகளிலேயே, பெரிய டிடக்டிபிள் உள்ள ஒரு மலிவான சொந்தக் கார்டை எடுத்து வைக்கலாம். வேலையில் இருக்கும் வரை டிடக்டிபிளைக் கம்பெனி கார்டு ஏற்கும். ஓய்வு பெறும்போது டிடக்டிபிளைக் குறைத்துக்கொள்ளும் வசதி சில திட்டங்களில் உண்டு. அந்த வசதி பாலிசியில் எழுத்தில் இருக்கிறதா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.